செவ்வந்தியின் தாய்வழி

அப்பாவுக்கு இந்த ஒரு விஷயத்தை எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. "அந்த மனிசன் பொம்பிளை தரமாட்டன் எண்டுதான் சொல்லுவார். அது அவையின்ர முறை. ஒரு விளையாட்டு. நீங்கள் கோவிக்கக் கூடாது." சாப்பாட்டுக்கு முன்னும் சொன்னேன், பின்னும் சொன்னேன். ஒவ்வொரு தரமும் அப்பா "ஓம் பிள்ளை, விளங்குது" என்றார். அப்பா விளங்குது என்று சொன்னால் காதில் விழவேயில்லை என்று அர்த்தம். அம்மா உயிரோடு இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

என் தம்பி நிலக்சன் ருவாண்டாவில் ஒரு தேயிலைக் கம்பனியில் கணக்காளனாக இருக்கிறான். விடத்தல்தீவில் பிறந்தவன் அங்கே போய் என்ன செய்கிறான் என்று ஊர் கேட்டது. போன இடத்தில் ஒரு தாதியை விரும்பினான் என்றதும் ஊர் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு நேரடியாகக் கதைக்கவே தொடங்கியது. அவள் பெயர் உமுதோனி. அப்பாவின் தங்கை அகஸ்ரினா மாமி அந்தப் பெயரைக் கடைசி வரைக்கும் சரியாகச் சொல்லவில்லை. "அவள் ஆபிரிக்காக்காரி" என்பதோடு மாமியின் அறிமுகம் முடிந்துவிடும். நான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "மாமி, உங்களை ஆராவது ஆசியாக்காரி எண்டு கூப்பிட்டவையே?" என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

உமுதோனிக்கு உறவென்று மிஞ்சியிருந்தவர் ஒரே ஒரு தாய்மாமன். கசானா என்று பெயர். அவர்கள் துட்சிகள். அவர்களுக்கு மாடு என்றால் உயிர், பெண் கேட்டு வருகிறவன் மாடு கொடுக்க வேண்டும், ராசாக்களின் காலத்தில் நீளக் கொம்பு மாடுகளுக்குப் பாட்டுக் கட்டிப் பாடியிருக்கிறார்கள் என்றெல்லாம் தம்பி தொலைபேசியில் சொன்னான். வெள்ளைக்காரன் வந்து ஒவ்வொருவரின் அடையாள அட்டையிலும் நீ துட்சி, நீ ஹூட்டு என்று பதிந்து வைத்ததையும், ஐம்பத்தொன்பதில் வீடுகள் எரிந்து சனம் எல்லை தாண்டி ஓடியதையும், தொண்ணூற்று நாலில் மூன்று மாதத்துக்குள் அயலவரே அயலவரை வெட்டியதையும் சொன்னான். "இப்ப அங்க ஆரும் ஆரையும் நீ என்ன ஆள் எண்டு கேக்கிறேல்லை அக்கா. நீயும் கேளாதை. அவராச் சொன்னால் மட்டும் கேட்டுக்கொண்டிரு."

முறைப்படி நாங்கள்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இடக்கை விழுந்துவிட்டது, விமானம் ஏற வைத்தியர் விடவில்லை. "அப்படியென்றால் பெண் வீடு அங்கே வரும்" என்று கசானா சொன்னாராம். வந்தார். ஐம்பதை நெருங்கிய, நெட்டையான, கோடு போட்ட கோட்டுக்காரர். தம்பியும் உமுதோனியும் அவரோடு வந்தார்கள். கிகாலியில் லொறிகள் ஓடுகின்றன அவருக்கு. வந்தவுடன் அப்பாவின் தோளைப் பிடித்து "அமாஷ்யோ" என்றார். உனக்கு மந்தைகள் பெருகட்டும் என்று பொருள். தம்பி சொல்லித் தந்த மறுமொழியை நான் அப்பாவுக்காகச் சொன்னேன்: "அமாஷொங்கோரே." பசுக்களாகவே பெருகட்டும். மனிதர் அப்படிச் சிரித்தார், எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் மாதா கோயிலுக்குள் வரவில்லை. பூசை முடியும் வரைக்கும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். அகஸ்ரினா மாமிக்குக் கதைக்க அது போதும். அன்று பின்னேரம் உமுதோனி என்னிடம் சொன்னாள். தொண்ணூற்று நாலில் அவர்களின் குடும்பம் உயிர் தப்ப ஓடியது ஒரு கோயிலுக்குள்தானாம். அவள் அப்போது கைக்குழந்தை. தாய்க்குப் பால் வற்றிவிட்டது. பதினேழு வயதுக் கசானா அவளைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது பால் கேட்போம் என்று வெளியே போனவர். திரும்பி வரும்போது கோயிலுக்குள் எவருமே உயிரோடு இல்லை. பிறகு சதுப்பில், நாணல் புதருக்குள், தண்ணீரில் நின்றபடி அவளைத் தலைக்கு மேல் பிடித்துக் காப்பாற்றியிருக்கிறார். எங்கள் ஊரும் செல்லடிக்குப் பயந்து கோயிலுக்குள் கிடந்த ஊர்தான்.

"நாளைக்கு அவர் முன்னால் பால் வைப்பீர்கள்" என்றாள் உமுதோனி. "அவர் அதைக் குடித்தால் நான் உங்கள் வீட்டுப் பெண். குடிக்காமல் மூடியைப் போட்டுவிட்டால் அவரோடு திரும்பிப் போவேன். உங்கள் தம்பியிடமும் சொல்லிவிட்டேன். எனக்கு அவர்மேல் உயிர். ஆனால் மாமாவின் சொல் இல்லாமல் எந்த வீட்டுப் படியும் மிதிக்கமாட்டேன்."

மறுநாள் காலை எங்கள் வீடு பெண் வீடாயிற்று. கசானாவும் உமுதோனியும் உள்ளே இருக்க, நாங்கள் எங்கள் படலைக்கு வெளியே போய் நின்று, எங்கள் வீட்டுக்குள் வர அனுமதி கேட்க வேண்டும். முற்றத்தில் பந்தல் போட்டுக் கதிரைகள் அடுக்கியிருந்தோம். அயல் முழுக்க வந்திருந்தது. பக்கத்து வளவு நிஸ்லா வட்டிலப்பம் செய்துகொண்டு வந்து முன்வரிசையில் இருந்தாள். அவளும் நானும் சின்ன வயதில் ஒன்றாக மண் விளையாடியவர்கள். பிறகு இருபது வருடம் அவள் புத்தளத்தில், நான் இங்கே.

படலையில் கசானா நின்றார். தோளில் முடிந்த வெள்ளைத் துணி, கையில் நீளத் தடி. அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"யார் நீங்கள்? வழி தவறி வந்துவிட்டீர்களா?"

நான் மொழிபெயர்த்தேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலிஸ் படிப்பிப்பவள் என்பதால் இந்த வேலை என் தலையில். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "என்ர படலையில நிண்டுகொண்டு என்னை ஆரெண்டு கேக்கிறார்!" நான் அவருடைய முதுகில் கிள்ளினேன். பிறகு திரும்பி, "நீண்ட தூரம் நடந்து வந்திருக்கிறோம், நிழல் கிடைக்குமா என்கிறார் அப்பா" என்று இங்கிலிஸில் சொன்னேன்.

"நிழல் இருக்கிறது. வேறொன்றும் இல்லை. உமுதோனி என்று ஒரு பெண் இருந்தாள், அவள் கன்னியர் மடத்தில் சேரப் போகிறாள்."

"அப்ப அவளை மடத்திலயே கொண்டுபோய் விடச் சொல்லு! பிறகேன் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தவர்?"

"மடத்துத் தாய்மாரிடமும் போய்க் கேட்போம், அவர்களும் எங்களுக்குத் தெரிந்தவர்கள்தான் என்கிறார்."

கசானா தடியைத் தரையில் தட்டிச் சிரித்தார். "உன் தகப்பனுக்கு எங்கள் முறை தெரிந்திருக்கிறது!" அப்பாவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் தான் வென்றுவிட்டதாகத் தெரிந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். நிலக்சன் எனக்கு மட்டும் தெரியக் கும்பிட்டான். சட்டை தோளோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்திருந்தது அவனுக்கு. நான் என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். இப்படியே இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சம் வளைத்துக்கொண்டு போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கல்யாணம் பேசி முடித்துவிடலாம் என்றே நம்பினேன்.

இன்னும் இரண்டு மூன்று தரம் இல்லை என்றார், அப்பா இன்னும் இரண்டு மூன்று தரம் கொதித்தார், நான் ஆற்றினேன். பிறகு செவ்வந்தியை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் பட்டியில் இன்னும் கன்று போடாத நல்ல நாகு அதுதான். சிவப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கழுத்தில் செவ்வரத்தம்பூ மாலை. அதைக் கண்டதும் கசானாவின் முகத்தில் விளையாட்டு முழுக்க விலகிப் போனது. எழுந்து வந்து மாட்டின் தாடைக்குக் கீழே கையை வைத்தார். மாடு அசையாமல் நின்றது. அவர் தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தார். அங்கே நின்ற எவருக்கும் அது மொழிபெயர்க்கத் தேவையில்லாத பேச்சு.

உமுதோனி மரத்தில் குடைந்த கறுப்புக் குடுவையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர்களின் ஊரிலிருந்து கொண்டுவந்தது. விடியச் செவ்வந்தியின் தாயிடம் கறந்த பால் அதற்குள். பின்னல் வேலை செய்த கூம்பு மூடி பக்கத்தில் கிடந்தது. கசானா குடுவையை எடுக்கவில்லை.

"இவள் யார் என்று சொல்லுங்கள்" என்றார். "ஒரு பெண்ணை எடுக்கும்போது அவளுடைய தாய் யார், தாயின் தாய் யார் என்று கேட்கிறோம். எங்கள் வீட்டுக்கு வருகிற பசுவையும் அப்படித்தான் கேட்போம். தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள். கேட்க எனக்கு ஆசை."

நான் சொன்னதும் அப்பா எழுந்து நின்றார். ஊன்றுகோலைக்கூட எடுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. மாட்டைப் பற்றி ஒருவர் கேட்டால் அப்பாவுக்கு வாதமும் கிடையாது, வயசும் கிடையாது.

"இது செவ்வந்தி. இவளின்ர தாய் கிளி. அங்க நிக்கிறாள் பாருங்கோ. மழைக்காலத்திலயும் பால் குறையாதவள். கிளியின்ர தாய் வீரி. சொல்லு பிள்ளை, வீரியைப் பற்றி வடிவாச் சொல்லு. சண்டை வந்து நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிடேக்க அவிட்டு விட்டனான். வன்னி முழுக்க ஓடி, காம்பில கிடந்து, ரெண்டு வருசத்தால வந்து பாத்தால் வீட்டுக்குக் கூரையில்லை, கதவில்லை. வீரி மட்டும் முத்தத்தில நிக்கிறாள்."

நான் சொன்னேன். கசானா நாக்கைத் தட்டி ஒரு ஒலி எழுப்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. "இன்னும்" என்றார்.

"வீரியின்ர தாய் கறுவாச்சி. செல் விழுந்து ஒரு கொம்பு போனவள். ஒற்றைக் கொம்போட எட்டுக் கண்டு போட்டவள். எல்லாத்துக்கும் நெத்தியில இதே சுட்டி."

"கறுவாச்சி" என்று கசானா அழகாகத் திருப்பிச் சொன்னார். சனம் கைதட்டியது. நானும் உற்சாகத்தில் கையை ஆட்டி ஆட்டி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவள், அப்போதுதான் அப்பா எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்று கண்டேன். நிறுத்தவும் வழியில்லை.

"கறுவாச்சியின் தாய்?" என்று கசானா கேட்டார்.

அப்பா திரும்பிக் கதிரையோரம் கிடந்த ஊன்றுகோலை எடுத்தார். முன்வரிசையில் நிஸ்லா தேத்தண்ணிக் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபரில் எனக்கு ஆறு வயது. முஸ்லிம் சனம் எல்லாம் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று, அப்போது ஊரைக் கையில் வைத்திருந்த இயக்கம் அறிவித்தது. பக்கத்து வளவு முஹைதீன் நானா, நிஸ்லாவின் வாப்பா, ஒரு சினைப் பசுவைக் கொண்டுவந்து எங்கள் கிளுவை வேலியில் கட்டினார். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. "பத்தி, பாத்துக்கொள்" என்றார். அப்பாவை அவர் கூப்பிடும் பெயர் பத்தி. "நீங்கள் வருமட்டும் பாக்கிறன் நானா" என்றார் அப்பா. நிஸ்லா ஒரு துணி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். பிறகு அவர்கள் கடற்கரைப் பக்கம் நடந்து போனார்கள். அன்று அப்பா அழுததை நான் கண்டேன்.

முஹைதீன் நானா திரும்பி வரவில்லை. புத்தளத்தில் காலமானார் என்று கேள்விப்பட்டோம். சண்டை முடிந்து நிஸ்லாவும் புருசன் பவ்ஸானும் வந்தார்கள். அப்பா வேலிக்குக் கம்பு வெட்டிக் கொடுத்தார், கிணறு இறைத்துக் கொடுத்தார், மீன் கொடுத்தார், பால்கூடக் கொடுத்தார். அந்த மாட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. நிஸ்லாவும் கேட்கவில்லை. அவள் சின்னப்பிள்ளை, மறந்திருப்பாள் என்று நாங்கள் வசதியாக நினைத்துக்கொண்டோம். என் அப்பா கெட்டவர் இல்லை. இதை நான் ஆரிடமும் சண்டை பிடித்துச் சொல்வேன். ஆனால் நாள் போகப் போகத் திருப்பிக் கொடுப்பது கஷ்டமாகியது, பிறகு சொல்வதே கஷ்டமாகியது, கடைசியில் அந்த மாடுகள் எங்கள் மாடுகளாகிவிட்டன.

"அது அரிப்பு ஊரில வாங்கினது" என்றார் அப்பா.

ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்தப் பாதிப் பேரும் தங்கள் காலைப் பார்த்தார்கள்.

"சொல்லன் பிள்ளை. அரிப்பு ஊரில வாங்கினது எண்டு சொல்லு."

காலையிலிருந்து நான் எத்தனையைத் திரித்துச் சொல்லியிருந்தேன். இது வெறும் மூன்று சொல். வாய் வரவில்லை. நான் முன்வரிசைப் பக்கம் திரும்பினேன். கசானா என்னைப் பார்த்தார். பிறகு என் கண் போன இடத்தைப் பார்த்தார்.

"அந்தப் பெண் ஏன் கோப்பையைக் கீழே வைத்தாள்?"

அவர் கதிரையில் முன்னுக்கு வந்து உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொல்லத் தொடங்கினார்.

"எல்லாம் முடிந்த பிறகு நான் ஊருக்குத் திரும்பினேன். எங்கள் மாடுகளை வெட்டித் தின்றிருந்தார்கள். முதலில் மாட்டைத் தின்றார்கள், பிறகு எங்களைக் கொன்றார்கள். ஒரு அயலவன் மட்டும் என்னைக் கூப்பிட்டு இருத்தினான். அவன் வெட்டப் போகாதவன், நல்ல மனிதன். இந்தப் பிள்ளைக்கு அவன்தான் பால் தந்தான். நானும் குடித்தேன். மாதக்கணக்காகக் குடித்தேன். ஒருநாள் அவனுடைய பட்டிக்குள் ஒரு கன்றைக் கண்டேன். என் தாய் பெயர் வைத்த பசுவின் காது அதற்கு. கேட்டேன். சந்தையில் வாங்கியது என்றான்." கசானா நிறுத்தினார். "ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் கன்றை அவனுக்கே கொடுத்திருப்பேன். அதற்குப் பிறகு அவனுடைய வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை."

அவர் மூடியைக் கையில் எடுத்தார்.

உமுதோனி எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். அழவில்லை. கழுத்தில் கிடந்த எங்கள் அம்மாவின் சங்கிலியைக் கழற்றத் தொடங்கினாள். நிலக்சன் என்னிடம் ஓடி வந்தான். எல்லாம் நடந்தபோது பிறந்திருக்காத பிள்ளை, அவனுக்கு ஒன்றும் தெரியாது. "அக்கா, என்ன நடக்குது? அவர் கேக்கிறதுக்கு ஏதாவது சொல்லன்! அக்கா!" அப்பா என்னை முறைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் கோபம் மட்டும் இல்லை, கெஞ்சலும் இருந்தது. எனக்கு எல்லோர் மேலும் எரிச்சல் வந்தது. கடல் கடந்து வந்து எங்கள் முற்றத்தைக் கிண்டுகிற இந்த மனிதர் மேலும், இத்தனை வருடம் பேசாமலிருந்த நிஸ்லா மேலும், ஒரு மாட்டின் பேரில் மகனின் வாழ்க்கையைத் தொலைக்கப் பார்க்கிற அப்பா மேலும்.

முதலில் தமிழில்தான் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"கறுவாச்சியின்ர தாய் முஹைதீன் நானாவின்ர மாடு. அவையைக் கலைச்ச நேரம் எங்கட வேலியில கட்டிப்போட்டு, பாத்துக்கொள் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். நாங்கள் திருப்பிக் குடுக்கேல்லை."

பிறகு அதையே கசானாவுக்கு இங்கிலிஸில் சொன்னேன். ஒரு சொல்லையும் வளைக்கவில்லை.

"வாயை மூடடி!" அப்பா ஊன்றுகோலால் தரையில் அடித்தார். "உனக்கென்ன தெரியும்? நான் பாக்காட்டி அதை இயக்கம் திண்டிருக்கும், இல்லாட்டி ஆமி திண்டிருக்கும்! செல்லுக்குள்ள புல்லு அறுத்துப் போட்டது ஆர்? எங்களுக்குச் சோறில்லாத நேரமும் அதுக்குத் தவிடு வைச்சது ஆர்? நான் களவெடுத்தனானோ? சொல்லு, களவெடுத்தனானோ?"

அதையும் மொழிபெயர்க்கச் சொன்னார் கசானா. மொழிபெயர்த்தேன். "அவர் சொல்வது உண்மைதான்" என்றார் அவர். "என் அயலவனும்தான் அந்த மாட்டைக் காப்பாற்றினான்." மூடி இன்னும் அவருடைய கையில் இருந்தது.

அப்போது நிஸ்லா எழுந்தாள். சனம் ஒதுங்கி வழிவிட்டது. அவள் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். அப்பாவுக்கு முன்னால் வந்து, முக்காட்டைச் சரி செய்துகொண்டு நின்றாள். புத்தளம் போய் வந்ததில் அவளுடைய பேச்சு மாறியிருந்தது.

"பத்தி மாமா, காம்புல எல்லாரும் ஒக்காந்து என்னென்ன போச்சுன்னு சொல்லிச் சொல்லி அழுவாங்க. வீடு போச்சு, வள்ளம் போச்சு, நகை போச்சும்பாங்க. வாப்பாவும் சொல்லுவாரு. ஆனா மாட்டை மட்டும் அதுல சேர்க்க மாட்டாரு. உம்மா கேட்டா, அது எங்க போச்சு, அது பத்திக்கிட்ட நிக்குதும்பாரு. மௌத்தாகுற அன்னிக்கும் அதைத்தான் சொன்னாரு. அது இப்ப கண்டு போட்டிருக்கும்னாரு."

அப்பாவின் முகம் கோணியது. வாதம் திரும்ப வந்துவிட்டதோ என்று பயந்து நான் பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். ஊன்றுகோலை ஊன்றி ஊன்றிச் செவ்வந்தி கட்டியிருந்த தூணடிக்குப் போனார். ஒற்றைக் கையால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். இறுகியிருந்தது. நிலக்சன் உதவிக்குக் குனிந்தான். "தள்ளி நில்லடா!" பல்லாலும் இழுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம், ஒருவரும் கிட்டப் போகவில்லை. முடிச்சு அவிழ நெடுநேரம் எடுத்தது.

கயிற்றைக் கொண்டுவந்து நிஸ்லாவிடம் நீட்டினார். "நானா கட்டின மாடு" என்றார். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. "கிளியையும் பின்னேரம் கொண்டு வாறன். மற்றதுகளையும்."

எங்களில் சிலர், அவள் இப்போது வேண்டாம் மாமா என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தோம். அகஸ்ரினா மாமி, "நல்ல பிள்ளை, அவள் வாங்கமாட்டாள்" என்று மெல்லச் சொல்லவும் செய்தாள்.

"எனக்கு வேணும் மாமா" என்றாள் நிஸ்லா. கயிற்றை வாங்கி உள்ளங்கையில் சுற்றிக்கொண்டாள். செவ்வந்தி ஒரு தரம் தாயைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவள் பின்னால் போனது. மாலையோடு எங்கள் படலையைத் தாண்டி, அவளுடைய படலைக்குள் நுழைந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் அதைக் கட்டுகிற சத்தம் கேட்டது.

கொடுக்க மாடில்லாத மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் முற்றத்தில் நின்றோம். நிலக்சன் தலையைக் கையில் பிடித்தபடி தரையில் குந்திவிட்டான். கசானா மூடியைக் குடுவையில் போடவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

"உன் தகப்பனிடம் கேள்" என்றார் என்னிடம். "இவளுடைய தாய்வழியைத் திரும்ப ஒருமுறை சொல்லட்டும். தொடக்கத்திலிருந்து."

"மாடுதான் போயிட்டுதே பிள்ளை" என்றார் அப்பா.

"கேக்கிறார் அப்பா. சொல்லுங்கோ."

அப்பா நிமிர முயன்றார், முடியவில்லை. குனிந்தபடியே சொன்னார். காலையில் போல வீரம் இல்லை, கதை இல்லை, பெயர்கள் மட்டும். "செவ்வந்தி. செவ்வந்தியின்ர தாய் கிளி. கிளியின்ர தாய் வீரி. வீரியின்ர தாய் கறுவாச்சி." மூச்சு வாங்கினார். "கறுவாச்சியின்ர தாய், முஹைதீன் நானா என்னட்டப் பாக்கத் தந்த மாடு. நான் குடுக்காமல் விட்ட மாடு."

நான் சொன்னேன்.

"அதன் பெயர்?" என்றார் கசானா.

அப்பா என்னைப் பார்த்தார். "தெரியாது" என்றார். "நான் கேக்கேல்லை. நான் அதைச் சுட்டி எண்டு கூப்பிட்டனான். நானா அதை என்னெண்டு கூப்பிட்டவர் எண்டு எனக்குத் தெரியாது."

அதை எப்படி மொழிபெயர்ப்பேன் என்று நான் நின்றபோது, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிஸ்லாவின் குரல் வந்தது.

"சீனி! அதுட பேரு சீனி. நான்தான் வச்சேன்."

நான் கசானாவுக்குச் சொன்னேன். அவர் அதைத் தன் பாஷையில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "இசுக்காரி." பிறகு மூடியை உமுதோனியின் கையில் கொடுத்துவிட்டு, குடுவையை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தார்.

உமுதோனி சங்கிலியைத் திரும்பக் கழுத்தில் போட்டாள். கொக்கி மாட்டுப்படவில்லை, நிலக்சன் எழுந்து போய் மாட்டிவிட்டான். கசானா மிச்சப் பாலை அப்பாவிடம் நீட்டினார். அப்பாவின் ஒரு கைக்கு அது பாரம். விழுந்த கையை நான் தூக்கிக் குடுவையோடு சேர்த்துப் பிடித்தேன்.

"குடியுங்கோ அப்பா" என்றேன். "எல்லாத்தையும் கேட்டுப்போட்டுத்தான் தந்தவர்."